பூங்காவனத்துக்குப் பிடித்தது

“ஷிஃபு, இது பொய்தானே?” என்றார் நாகப்பன்.

அவர் தட்டில் சோயாவில் செய்த ஆட்டிறைச்சிக் குழம்பு இருந்தது.

பினாங்கில் ஒரு புத்தர் கோயில். அதன் பின்புறத்தில் சைவ உணவுக்கூடம். சுற்றிலும் கடைகள், நடுவில் மேசைகள். எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிக்குணி ஒரு சீனப் பெண்மணி. ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர். வயதில் நாகப்பனுக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் எல்லோரையும் போல நாகப்பனும் அவரை ஷிஃபு என்றுதான் கூப்பிடுவார். குரு என்று அர்த்தம்.

“ஆட்ட விட்டாச்சு, ஆசைய விடல. அதையும் கோயில்லயே வெச்சு விக்கிறாங்க,” என்றார் நாகப்பன் மறுபடியும்.

“ருசி எப்படி?”

“மசாலா பத்தாது. எங்க வீட்ல பூங்காவனம் வெச்சா தெருவே மணக்கும்.”

பூங்காவனம் அவர் மனைவி. அமாவாசை, பௌர்ணமி தவறாமல் இந்தக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவள். இறந்து இன்றோடு ஒரு வருடம். நாகப்பன் இங்கே வரத் தொடங்கியதும் அதன் பிறகுதான், இறைச்சியை விட்டதும் அதன் பிறகுதான். குறை சொல்வதை மட்டும் மனிதரால் விட முடியவில்லை.

“அவங்க சைவமாச்சே,” என்றார் ஷிஃபு.

“பொறந்ததுலேருந்து. முட்டைகூட வாயில வெச்சதில்ல.”

“அப்புறம் ஆட்டுக்கறிக்கு உப்பு எப்படிப் பாத்தாங்க?”

“நான்தான் பாப்பேன்.”

“பாத்துட்டு?”

“சரியா இருந்தா சாப்பிடுவேன்.”

“இல்லன்னா?”

நாகப்பன் கரண்டியால் குழம்பைக் கிளறினார்.

“தட்டத் தள்ளிடுவேன்.”

ஷிஃபு மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

“இன்னைக்கு என்னைச் சீடனா ஏத்துக்கணும் ஷிஃபு,” என்றார் நாகப்பன். “அவளுக்காகத்தான் ஒரு வருஷமா நாக்கக் கட்டி வெச்சிருக்கேன். ஆனா மனசு ஆறல. அவ என்னை மன்னிச்சிட்டாளான்னு தெரியாம நான் எப்படி நிம்மதியா சாவேன்?”

“மேல மண்டபத்துல அவங்க நினைவா உங்க மக வெச்ச பேர்ப்பலகை இருக்கு. மொதல்ல அவங்களுக்குப் படையல் வைங்க. அப்புறம் பேசலாம்.”

“என்ன வைக்கணும்?”

“அவங்களுக்குப் பிடிச்சது. எல்லாக் கடையும் தொறந்துதான் இருக்கு லா.”

இவ்வளவுதானா என்று நாகப்பன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கறி மீ எனும் நூடுல்ஸ் விற்கும் கடைக்காரி அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். பூங்காவனத்துக்கு மீ பிடிக்குமா? தெரியவில்லை. அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

அங்கே பாகற்காய் இருந்தது. பாகற்காயை அவள் அடிக்கடி சமைப்பாள். ஆனால் அது அவருடைய சர்க்கரை வியாதிக்காக. ஒரு கடையில் பாயசம் இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி பாயசம் வைப்பாள். அதுவும் அவர் கேட்பார் என்பதற்காக.

அவள் சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தார். இவர் கை கழுவிவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்த பிறகு, குசினியில் தட்டுச் சத்தம் கேட்கும். அதுவும் கொஞ்ச நேரம்தான். அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கடைசிக் கடைவரை போனார். திரும்பவும் முதல் கடைக்கு வந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

காலித் தட்டோடு மேசைக்குத் திரும்பினார்.

ஷிஃபு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஷிஃபு, அவ இங்கதானே வந்து சாப்பிடுவா? நீங்க பாத்திருப்பீங்க. அவளுக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

நாகப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“கூடவே வாழ்ந்தவன் நான். எங்கிட்ட ஒருநாளாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருப்பாளா? உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொன்னா?”

“கேட்டேன்,” என்றார் ஷிஃபு.