பழிக்கு வந்த மூவர்

பரிசுக்காக மூவர் மோதிக்கொண்ட கதைகளை வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது ஒரு பழிக்காக மூவர் மோதிக்கொண்ட கதை. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்குத் தோன்றிய விடையைக் கடைசியில் சொல்கிறேன். அதனால் யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

தெற்குக் கடற்கரையில் சிப்பிக்குடி என்று ஓர் ஊர். அங்கே ஆண்கள் கடலுக்குக் கொண்டுபோவது பட்டன் போன். உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டாலும் மனம் பதறாது. இணையம் உள்ள பெரிய போன் வீட்டில் பெண்கள் கையில் இருக்கும். ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காற்று மாறினாலோ மேகம் கறுத்தாலோ முதலில் பார்ப்பவர் அதில் குரலைப் பதிவு செய்வார். வீட்டுக்காரி அதைக் கேட்டு, கடலில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்வாள். அங்கே எல்லாம் குரல்தான். எழுத்தில் வருவது பிறந்தநாள் வாழ்த்து மட்டும் என்பதால் எழுத்தை யாரும் நின்று படிப்பதில்லை. குழுவில் சத்தமில்லை என்றால் கடலிலும் பயமில்லை என்பது ஊர் வழக்கம். பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள்கூடக் குழுவில் மட்டும் கடல் செய்தியைச் சொல்லிக்கொள்ளும்.

குழுவை நடத்தியவர் ஐஸ்கடை பெர்க்மான்ஸ். ஒரு வியாழக்கிழமை அவரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஊரோடு கைகலப்பு என்று யாரோ ஒருவன் குழுவில் பொய்யாகப் பேசிப் போட்டிருந்தான். அதிகாரி குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"இனி அதுல யார் என்ன பேசினாலும் உள்ள போறது நீதான்."

இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்ற மனிதர் என்ன செய்வார்? அன்று மாலையே, தன்னைத் தவிர வேறு யாரும் பேச முடியாதபடி குழுவைப் பூட்டினார். பூட்டிவிட்டதாக ஒரு வரி எழுதியும் போட்டார். மறுநாள் மத்தியானம் நிலையத்துக்கு வந்து விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். போனார். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் இஞ்ஞாசி என்பவர் கடலில் தனியாக இருந்தார். மற்ற வள்ளங்கள் எல்லாம் கரை திரும்பிவிட்டன. இவருடைய வலை மட்டும் அடியில் பாறையில் சிக்கிக் கிடந்தது. அறுத்து விட்டுவிட்டு வருவதா, பொறுமையாக எடுப்பதா என்று தெரியவில்லை. மனைவி ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"வலை மாட்டிக்கிட்டு. குழுவுல எதும் பேசுதாவளா?"

ஜெசிந்தா திறந்து பார்த்தாள். பெர்க்மான்ஸ் எழுதிய ஒரு வரி கிடந்தது. யாருக்கோ வாழ்த்து என்று தள்ளிவிட்டாள்.

"ஒரு சத்தமும் இல்ல. அமைதியாத்தான் கெடக்கு."

"அப்பம் வலைய எடுத்துட்டே வாரேன். நீ சாப்பிடு."

ஊருக்கு மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. கரைக்குப் பின்னால் எழும் மேகம் கடலில் இருப்பவர் கண்ணுக்குத் தாமதமாகத்தான் தெரியும். அதை முதலில் கண்டவள், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த செலின். இஞ்ஞாசியின் அண்ணன் மனைவி. உடனே குரல் பதியப் பார்த்தாள். குழு இடம் கொடுக்கவில்லை. பெர்க்மான்ஸை மூன்று தடவை கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஜெசிந்தாவின் வீடு அங்கிருந்து நாலாவது வாசல்தான். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் வார்த்தை தடித்துப்போய், இரண்டு வருடமாக அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. குழுவில் ஊருக்கே சொல்வது வேறு, முகத்துக்கு முகம் போய் நிற்பது வேறு. கால்மணி நேரம் தெருவிலேயே நின்றாள். பிறகுதான் போனாள். ஜெசிந்தா பதறிக் கூப்பிட்டபோது இஞ்ஞாசியின் போனுக்கு அழைப்புப் போகவில்லை. காற்று கடலுக்குள் இறங்கிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது. நானும் அடக்கத்துக்குப் போயிருந்தேன். அந்த வீட்டில் எழுந்த அழுகை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. எல்லாம் முடிந்து ஊர்க் கமிட்டி கூடியது. குற்றம் யாருடையது என்று கேட்கும் முன்பே பெர்க்மான்ஸ் எழுந்துவிட்டார்.

"குழுவப் பூட்டினது நான். எம் பிள்ளையள மட்டும் நெனச்சேன். பழி எனக்கு."

செலின் குறுக்கே வந்தாள். "அவிய பூட்டினா என்ன, எனக்குக் கால் இருந்துதுல்லா? வீம்புல நின்னுட்டேனே. பழி எனக்குத்தான்."

ஜெசிந்தா அழவில்லை. "ரெண்டு பேரும் உக்காருங்க. வலைய அறுத்துப்போட்டு வாங்கன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பாவ. அமைதியாக் கெடக்குன்னு சொன்னது நானு. எனக்குள்ளத யாரும் எடுக்காதீங்க."

கமிட்டித் தலைவர் தீர்ப்பு எழுதாமலே நோட்டை மூடினார். கூட்டம் கலைந்தது.

இப்போது உங்கள் முறை. இந்தப் பழி யாருடையது?

விடை: மூவருடையதும் இல்லை என்பேன். ஜெசிந்தா கண்டதைத்தான் சொன்னாள். செலின் தயங்கியது தவறுதான், ஆனால் பகையைத் தாண்டிப் பேச ஊர் வைத்திருந்த ஒரே வழி அன்று அடைபட்டுக் கிடந்தது. பெர்க்மான்ஸ் பூட்டியதைக் குரலில் சொல்லியிருக்கலாம். பயந்த மனிதருக்கு அது தோன்றவில்லை. ஊர் முழுக்கப் பேசுவதற்கு ஒருவர் கழுத்தைப் பிணையாகக் கேட்ட அந்த அதிகாரிதான் பழிக்கு உரியவர். பொய் சொன்ன ஒருவனைத் தேடிப் பிடிக்காமல், உயிர் காக்கும் வாய்களை எல்லாம் அடைக்க வைத்தார். அவர் கூட்டத்துக்கு வரவில்லை. இப்படி ஒருவர் செத்தது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். இந்த விடையை ஜெசிந்தாவிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்ண்ணே. ஆனா கடல்ல நின்னு அவிய எங்கிட்டத்தானே கேட்டாவ" என்றாள்.