ஆற்றங்கரை உண்டியல்

செங்கரை நாட்டு ராஜா மணவாள பூபதிக்கு அவ்வப்போது நல்ல எண்ணம் வரும். பார்த்துப் பார்த்துக் கஜானா காலியாக இருக்கும் நேரத்தில்தான் வரும். அந்த வருஷம் வந்த நல்ல எண்ணம், ஆற்றுக்கு ஒரு பாலம். மழைக்காலம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடத்தில் அக்கரை போய்வந்த ஜனங்களுக்கு அது பெரிய காரியம்தான்.

"ஜனங்களுக்கான பாலம். ஜனங்களே பணம் கொடுக்கட்டும்" என்றார் மந்திரி விடங்கப் பிள்ளை. அடுத்தவர் பணம் என்றால் அவருக்கு யோசனை தாராளமாக ஓடும்.

கடைத்தெரு நடுவில் பளபளவென்று ஒரு செப்பு உண்டியல் வைத்தார்கள். ராஜாவின் படத்தை மாட்டி, மேளம் கொட்டி, மந்திரி உச்சி வெயிலில் நெடுநேரம் பேசினார். அவருக்கு மட்டும் குடை பிடித்திருந்தார்கள். நூறு பொன் கொடுத்தால் பெயரைக் கல்லில் வெட்டுவார்களாம். பத்துப் பொன் கொடுத்தால் அரண்மனைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாமாம். ஒரு பொன் கொடுத்தவரைப் பார்த்து மந்திரியே புன்னகை செய்வாராம். அதைக் கேட்டுத்தான் பலர் ஒரு பொன்னும் கொடுக்கவில்லை என்று பிற்பாடு பேச்சு.

ஒரு மாதம் கழித்துச் சபையில் உண்டியலைக் கவிழ்த்தார்கள். இரண்டு செல்லாக்காசும், ஒரு கொட்டைப்பாக்கும், யாருடையதோ ஒரு பல்லும் விழுந்தன. சபையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். விகடகவி ஏகாம்பரத்துக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஜனங்கள் வடிகட்டின கஞ்சர்கள், மகாராஜா. வீட்டுக்கு வீடு பால வரி போட்டால் தானாக வரும்" என்றார் மந்திரி. "அதற்கு முன்னால் சிரிக்கிறவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாமே."

நிபந்தனைகளையும் அவரே அடுக்கினார். மிரட்டக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. எதற்கென்று சொல்லி வாங்கினாரோ அதற்கே, சொன்னது சொன்னபடி செலவழிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பாலத்துக்குப் பணம் சேராவிட்டால் ஏகாம்பரம் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், மறுநாளே வரி. ராஜா அப்படியே ஓலை எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ஏகாம்பரம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். மூட்டை கட்டும்போது அம்மிக்கல்லையும் சேர்த்துக் கட்டுவதா என்று அவர் மனைவி கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓடத்துறைக்குப் போனார். தயிர்ப் பானையோடு ஓடத்துக்குக் காத்திருந்த செங்கமலத்திடம், பாலத்துக்கு ஏன் ஒரு காசும் போடவில்லை என்று கேட்டார்.

"போடலாம் சாமி. போட்ட காசு பாலம் வரைக்கும் போவணுமே? நடுவுல மந்திரி வீடு இருக்கு" என்றாள் அவள். "ஏரி தூர் வாரணும்னு குடுத்தோம். ஏரி அப்படியே கிடக்கு, அவரு வீட்டுக்கு மாடி வந்துடுச்சு. சத்திரம் கட்டணும்னு குடுத்தோம். மாடிக்கு மேல இன்னொரு மாடி வந்துச்சு. பாலத்துக்கும் குடுத்தா அந்த வீடு தாங்குமா சொல்லுங்க?"

ஏகாம்பரம் அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. ஒரு மண்பானையை வாங்கி, வாயைத் துணியால் கட்டி, காசு போக ஒரு கிழிசல் விட்டுத் துறையில் வைத்தார். மேளமில்லை, படமில்லை, புன்னகைக்கு விலையுமில்லை. வந்தவர்களிடம் ஓரிரண்டு வார்த்தை சொன்னார், ராஜாவின் முத்திரை ஓலையைக் காட்டினார், அவ்வளவுதான். அந்த ஓரிரண்டு வார்த்தை என்ன என்பது இப்போதைக்கு அவருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் இருக்கட்டும்.

முதல் பானை இரண்டு நாளில் நிறைந்தது. அடுத்தடுத்துப் பானைகள் வந்தன. போட்டுவிட்டுப் போனவர்களே வீட்டைத் துழாவி மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். மந்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒற்றர்களை அனுப்பினார். ஒற்றர்களும் தங்கள் பங்கைப் போட்டுவிட்டு வந்து, ஜனங்களுக்குப் பாலத்தின் மேல் அப்படியொரு பிரியம் என்று சொன்னார்கள்.

கெடு முடிந்த நாள் சபையில் பானைகளைக் கொட்டியபோது ராஜா எழுந்தே நின்றுவிட்டார். காசுக் குவியலின் உச்சியில் கனமான தங்கக் காப்பு ஒன்று கிடந்தது.

"இது எங்கள் வீட்டு அம்மாளுடையது. நாட்டுக்கு ஒன்றென்றால் முதலில் கை நீட்டுவது எங்கள் குடும்பம்தான், மகாராஜா" என்று மந்திரி நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமாம், தனியொருவர் கொடுத்ததில் அதுதான் பெரிது" என்று ஏகாம்பரம் ஒப்புக்கொண்டார்.

ஜனங்களிடம் அப்படி என்னதான் சொன்னீர் என்று ராஜா கேட்டார்.

"உள்ளதைத்தான் சொன்னேன், மகாராஜா. இந்தப் பணத்தில் முதலில் மந்திரியாரைக் காசி யாத்திரைக்கு அனுப்புவோம், மிச்சத்தில் பாலம் கட்டுவோம் என்றேன். இரண்டுக்கும் சேர்த்துப் போதாவிட்டால் அவரவர் பணம் அவரவருக்கே, மந்திரியாரும் இங்கேயே இருப்பார் என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் பானை போதவில்லை."

மந்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. ராஜா தம் ஓலையை வாங்கி ஒருமுறை படித்தார். சொன்னது சொன்னபடி செலவழிக்க வேண்டும் என்று, மந்திரி கேட்ட வார்த்தைகளிலேயே இருந்தது. ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சரி, போகிற செலவு ஆயிற்று. திரும்பி வருகிற செலவுக்கு?"

"அதற்கும் பக்கத்திலேயே ஒரு பானை வைத்திருந்தேன். இதுவரை அதில் ஒரு காசும் விழவில்லை."

மந்திரி ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "எங்கள் வீட்டு அம்மாள்கூடவா?"

"அந்த அம்மாள்தான் அந்தப் பானைக்கு ஒரு மூடி கொடுத்தனுப்பினார்கள்."

ராஜா சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார். ஏகாம்பரத்துக்குப் பரிசு கிடைக்கப் போகிறது என்று சபை நினைத்தது. ராஜா அதைக் காசுக் குவியலில் போட்டுவிட்டு, வண்டி எப்போது புறப்படும் என்று கேட்டார்.