வைக்கோல் பாரம்

பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணியின் பிக்கப் வண்டி தார்ப்பாய் மூடிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தபோது, வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் தாழ்ந்திருந்தது.

"இப்படியே போனா செக்போஸ்ட்ல கேள்வி கேப்பான். வண்டி நிமிரணும். தார்ப்பாயைத் தொடக்கூடாது," என்றார்.

"என்ன பாரம்ங்கய்யா?" என்று கேட்டாள் மெக்கானிக் குருவம்மா.

"வைக்கோல்."

குருவம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. பள்ளிக்கூடம் கட்ட வந்த இரும்புக் கம்பிகள் காணாமல்போனதற்கு, காவலுக்கு இருந்த அவள் புருஷனைத்தான் ஊர் திருடன் என்றது.

டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வைக்கோல் எடைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் பின் ஸ்பிரிங்கை உயர்த்தினாள். திரும்ப மாட்டியதும் வண்டி மறுபடி குந்திக்கொண்டது.

"வேலை தெரியாதவளா நீ?" என்று தலைவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது.

"வேலை சரிதாங்கய்யா. உங்க வைக்கோல்தான் கனக்குது. அதோ நிக்கிற மாட்டுக்கு ஒரு பிடி போட்டுப் பார்க்கட்டுமா?"

அத்தனை பேர் முன்னால் மாட்டுக்கு வைக்கோல் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குருவம்மா தார்ப்பாயை விலக்கினாள். ஒரு கம்பியை உருவி மாட்டின் முன்னால் போட்டாள்.

மாடு அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊர்ஜனம் மட்டும் திரும்பாமல் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றது.