வாயை மூடு

ஆமைக்கு அலுத்துப் போயிருந்தது. ஒன்பது நாளாக ஒரே பேச்சைப் பேசினால் யாருக்குத்தான் அலுக்காது?

இலுப்பைக் காட்டுக் குளத்தில் குடியிருந்த ஆமை அது. ஓட்டைச் சுமந்து திரிவதால் ஓட்டாண்டி என்று எல்லோரும் கேலியாகக் கூப்பிடுவார்கள். அதுவும் கோபப்படாமல் ஏனென்று கேட்கும்.

அந்தக் குளத்தின் அடியில், கரையை ஒட்டினாற்போல், கல்லில் ஒரு ஓட்டை உண்டு. தண்ணீர் அதற்குள் இறங்கி, கரைக்கு அடியிலேயே ஓடி, அந்தப் பக்கம் மான்கள் குடிக்கிற பள்ளத்தில் போய் விழும். பள்ளத்துப் பக்கம் ஒரு மரப்பலகை. தூக்கினால் தண்ணீர் ஓடும், இறக்கினால் நிற்கும். காலையில் தூக்கிச் சாயங்காலம் இறக்குவது கருமூஞ்சி என்ற குரங்கின் வேலை.

அந்த ஓட்டைக்குக் குளத்துக்காரர்கள் வைத்த பெயர் ‘வாய்’. வாயைத் திறந்தாச்சா, வாயை மூடியாச்சா என்றுதான் பேசிக்கொள்வார்கள். வாய்மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கட்டியிருக்கும். தண்ணீர் இடுக்கு வழியாகப் போய்விடும். குளிக்கிறவர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

கட்டியிருந்த கொடி இற்றுப்போய், அந்தக் கூடை ஒருநாள் கரையில் வந்து ஒதுங்கியது. கோடைக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்த கரடி சடைச்சி அதைப் பார்த்தது. இலுப்பைப் பூ காயவைக்க நல்ல கூடையாயிற்றே என்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஆமை ஊர்ந்து ஊர்ந்து கரடியின் குகைக்குப் போனது. "கூடையைக் குடு தாயி. வாய் திறந்து கிடக்கு."

கரடிக்குச் சுருக்கென்றது. "என் வாய் திறந்து கிடந்தா உங்களுக்கு என்ன அண்ணே?"

"உன் வாயை யாரு சொன்னா? குளத்து வாயைச் சொல்றேன். தண்ணி அங்க உறிஞ்சும். உன் குட்டியும் அங்கதானே குளிக்குது?"

"ஒரு ஓட்டைக்கா இந்தப் பாடு? மேல பார்த்தா ஒரு சுழிப்புகூட இல்லை. அத்தனை பெரிய குளத்தில யாரு தேடிப்போய் அதுமேல உட்காரப் போறா? பூ காயட்டும், தர்றேன்."

மறுநாளும் ஆமை போனது. பூ காயவில்லை. அதற்கு மறுநாள் கரடி தேன் எடுக்கப் போயிருந்தது. அப்புறம் ஒருநாள், "நீங்க ஒருத்தர் போதும் அண்ணே, என் உசிரை வாங்க" என்று சொல்லிக் குகைக்குள் போய்விட்டது. பலகையையாவது இறக்கி வையடா என்று ஆமை குரங்கிடம் கேட்டுப் பார்த்தது. மான்களுக்கு யார் பதில் சொல்வது என்று குரங்கு கையை விரித்துவிட்டது.

பத்தாம் நாள் ஆமை கிளம்பவில்லை. 'இன்னிக்கும் போய்ப் பேச்சு வாங்கணுமா? எக்கேடோ கெடட்டும்' என்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அலுத்தவர்கள் செய்கிற காரியம்தான். எனக்கு ஓடு இல்லையே தவிர, நானும் செய்திருக்கிறேன்.

அன்றைக்கு மதியம் வெயில் கொளுத்தியது. சடைச்சி உருண்டை என்ற தன் குட்டியைக் குளத்தில் இறக்கிவிட்டுக் கரையில் படுத்தது. உருண்டை கரையோரமாகவே நடந்தது. ஓரிடத்தில் உள்ளங்காலில் தண்ணீர் குறுகுறுவென்று ஓடியது. அதற்கு ஒரே சிரிப்பு. அங்கேயே தொப்பென்று உட்கார்ந்தது.

உட்கார்ந்ததுதான். எழுந்திருக்க முடியவில்லை. வாய் குட்டியின் பின்புறத்தை அப்படியே கவ்விப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தாடைவரை நின்றது.

"அம்மா, யாரோ புடிச்சு இழுக்கிறாங்க!"

கரடி ஒரே பாய்ச்சலில் வந்து குட்டியின் அக்குளில் கை கொடுத்து இழுத்தது. இழுக்க இழுக்கக் குட்டி வலியில் துடித்ததே தவிர, துளிகூட அசையவில்லை. காட்டிலேயே பலசாலி கரடிதான். அந்தப் பலத்தை எல்லாம் போட்டு இழுத்தது. குட்டி திமிறியதில் அதன் மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது. கரடி பயந்துபோய் அழுதது.

சத்தம் கேட்டு ஆமை தலையை நீட்டியது.

"இழுக்காதே தாயி! இழுத்தா சதைதான் பிய்யும். தண்ணி நின்னாத்தான் விடும்."

கருமூஞ்சி பலகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஐயோ குட்டி, ஐயோ குட்டி என்று கத்திக்கொண்டு குதித்தது. ஆமை அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது.

"கருமூஞ்சி, வாயை மூடு!"

குரங்கு சட்டென்று வாயை மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு முழித்தது. அதைக் குறை சொல்லி என்ன செய்ய? விடிந்ததிலிருந்து அடைகிறவரை எல்லோரும் அதனிடம் சொல்வது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

தண்ணீரில் குமிழி வருவது குறைந்துகொண்டே வந்தது.

"உன் வாயை இல்லடா பாவி! பலகை! பலகையை இறக்கு!"

குரங்கு பலகைமேல் விழுந்து அமுக்கியது. பலகை இறங்கியது. தண்ணீர் நின்றது. அத்தனை நேரம் அசையாத குட்டி, தானாகக் கழன்று தாயின் கையோடு வந்துவிட்டது.

அதற்கு மூச்சு இல்லை. கரடி அதைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் உருண்டை தண்ணீரைக் கக்கி, இருமி, அழுதது. அதன் பின்புறத்தில் வட்டமாக ரத்தம் கட்டியிருந்தது.

கரடிதான் முதலில் வாயைத் திறந்தது.

"இதைத்தானே அண்ணே தினமும் வந்து சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றது ஆமை. "இன்னிக்குத்தான் சொல்லலை."

கரடி குட்டியைத் தூக்கிக்கொண்டு போய், காய்ந்ததும் காயாததுமான பூவை மண்ணில் கொட்டிவிட்டுக் கூடையோடு வந்தது. புதுக் கொடி வைத்து நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டியது. கட்டி முடிக்கும்வரை குரங்கு பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குளத்தில் யாரும் வாயை மூடு என்று சொல்வதில்லை. பலகையை இறக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

ஆமைக்கு அலுப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் தினமும் காலையில், பலகையைத் தூக்குவதற்கு முன்னால், முனகிக்கொண்டே குளத்தடிக்கு இறங்குகிறது. ஒவ்வொரு முடிச்சையும் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறது.

தண்ணீரை உறிஞ்சும் ஓட்டை மூடியில்லாமல் கிடந்தால் அந்தக் குளத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். மூடச் சொல்லி எத்தனை அலுத்தாலும், மூடுகிறவரை சொல்வதை நிறுத்தாதீர்கள்.