அம்சவேணி மில்லின் மூன்று சிவப்புக் கோடுகள்

கோயம்புத்தூரில் அம்சவேணி மில் என்று ஒரு நூற்பாலை இருந்தது. மூடி இருபத்தாறு வருடமாகிறது. ஆனாலும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இன்றைக்கும் "மூணு கோடு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். ஆலையின் முகப்புக் கட்டடத்து மேல் இரும்புச் சட்டத்தில் நிற்கும் பெயர்ப்பலகைதான் காரணம். பெயருக்குக் கீழே மூன்று சிவப்பு விளக்குக் கோடுகள். பகல் ஷிப்ட் நடந்தால் ஒன்று எரியும். மாலை நாலு மணிக்குத் தொடங்கும் அரை நைட்டுக்கு இரண்டு. நள்ளிரவில் தொடங்கும் முழு நைட்டுக்கு மூன்று. தன் ஆள் உள்ளே இருக்கிறானா, உலையை எப்போது வைப்பது என்று பெண்கள் வாசலில் நின்றே தெரிந்துகொள்வார்கள்.

கோடுகளை மாற்றுவது எலக்ட்ரீஷியன் மாசிலாமணியின் வேலை. கடைசியாக நிர்வாகம் கதவடைப்புச் செய்து ஆட்களை வெளியே நிறுத்தியபோது, ஆலை ஓடுவதாக வெளியே தெரியட்டும் என்று மேனேஜர் கோடுகளை எரியவிடச் சொன்னார். மாசிலாமணி எரியவிட்டார். பதினோரு நாள். ஆலைதான் ஓடுகிறதே, இவர்கள் ஏன் வேலைக்குப் போகாமல் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊர் ஏசியது. பன்னிரண்டாம் நாள் சங்கச் செயலாளர் ஆரோக்கியசாமி வந்து மாசிலாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாசிலாமணி சுவிட்ச் பெட்டிக்குள் கோடுகளை மாற்றும் பல்சக்கரத்தைக் கழற்றி எடுத்தார். அதன்மேல் கையை வைத்து, "உள்ளே ஆள் வேல செய்யாம இனி இது எரியாதுங்க" என்று சத்தியம் செய்தார். ஆலை பிறகு திறக்கவேயில்லை.

இப்போது அங்கே ஒரு வணிக வளாகம். ஊர்க்காரர்கள் மனுமேல் மனு போட்டதில் முகப்பும் பலகையும் மட்டும் தப்பின. அதற்கும் மாநகராட்சி ஒரு நிபந்தனை போட்டது. பழைய பாகங்களோடு மறுபடி எரிந்தால் அது நகரச் சின்னம். சித்திரை முடிவதற்குள் எரியாவிட்டால் அறுத்து இறக்கிவிடுவார்கள். பல்சக்கரம் மாசிலாமணியின் பீரோவில் கிடக்கிறது.

அந்த வாரம் மூன்று பேர் அவரைத் தேடி வந்தார்கள்.

முதலில் வளாக மேலாளர் ஹரிஹரன். தினமும் மாலை ஆறிலிருந்து பத்து வரை மூன்று கோடுகளையும் எரியவிடலாம், ஊரே நின்று படம் எடுக்கும் என்றார். பழுது பார்த்தபோது ஒருநாள் சக்கரம் இல்லாமலே மூன்று கோட்டுக்கும் நேராக மின்சாரம் கொடுத்துச் சோதித்தார்களாம். பழைய மில் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கிழவி ஒருத்தி வந்து, "ஏனுங் தம்பி, காத்தால பதினோரு மணிக்கே முழு நைட்டுங்களா?" என்று கேட்டாளாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து ஆரோக்கியசாமி, கைத்தடியோடு. "அறுத்தா அறுக்கட்டும், மாசிலாமணி. ஒருக்கா அதப் பொய் சொல்ல வெச்சது பத்தாதா?" என்றார்.

கடைசியில் பெருமாயி. அவள் புருஷன் அம்சவேணி மில்லில் அரை நைட் பார்த்து, கதவடைப்போடு முடங்கிச் செத்துப்போனவன். அவள் இப்போது வளாகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். அங்கே துப்புரவுக்கும் காவலுக்கும் ஒரு நாளைக்கு மூன்று முறை ஆள் மாறும். கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசியை இறக்கி வைக்காமலே பேசினாள். "அதையும் அறுத்துப் போட்டா எங்காளுக இங்க இருந்தாங்கங்கறதுக்கு என்னங்ணா இருக்கு? சத்தியத்த நீங்க காப்பாத்துவீங்க. எங்களை?" பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு வேலைக்குக் கைரேகை வைக்கோணும், வாரனுங்ணா."

மாசிலாமணி சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடுத்தால் சத்தியம் போகும். கொடுக்காவிட்டால் பலகை போகும். அவர் என்ன செய்ய வேண்டும்? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பொய் சொல்லக் கூடாது என்ற ஆரோக்கியசாமியும் சரி, அறுக்கக் கூடாது என்ற பெருமாயியும் சரி. பலகை நூலைப் பற்றி என்றைக்கும் பேசியதில்லை. உள்ளே ஆள் வேலையில் இருக்கிறதா என்றுதான் சொல்லி வந்தது. வளாகத்துக்குள் இன்றும் ஆள் வேலை செய்கிறது. வளாகத்தில் ஆள் மாறும் நேரப்படிதான் எரியும், படம் எடுக்கிறவர்களுக்காக எரியாது என்று ஹரிஹரனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மாசிலாமணி தன் கையாலேயே சக்கரத்தை மாட்டினார். அந்தப் பதினோரு நாள் பொய் இதனால் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி. மறுநாள் நாலு மணிக்கு இரண்டாவது கோடும் எரிந்தது. ஆரோக்கியசாமி தடியை ஊன்றி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பெருமாயி உள்ள போயிட்டா" என்றார்.