கின்னிக்கோழி ஏன் கூட்டில் அடைவதில்லை

அந்தக் காலத்தில், கோழியும் பூனையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, கின்னிக்கோழி ஒருத்தி தன் புருஷனோடும், அப்போதுதான் இறகு முளைத்த குஞ்சுகளோடும் சீனியம்மாவின் தோட்டத்துக்குக் குடிவந்தாள்.

வந்ததிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. வேலி ஏன் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? இந்தப் பெண்பிள்ளை கேட்காமலே கம்பு இறைக்கிறாளே, எதற்கு? கொடியில் காயும் சேலை அசைந்தால் கத்தினாள். கிணற்றில் வாளி விழுந்தால் கத்தினாள்.

"ஒண்ணுமில்லடி, வாளிதான்" என்று சொல்லிச் சொல்லிச் சீனியம்மாவுக்கு நாக்கு வறண்டது.

முதலில் அவள் கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரத்தைக் கொண்டுவந்து ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாள். "இதுக்குள்ள படுத்துக்கோ."

"தூக்குறதும் கவுக்குறதும் உங்க கையில. நான் வெளிய வரணும்னா என்ன செய்ய?"

அடுத்து, நாட்டுக்கோழிகள் அடையும் மண்கூட்டைக் காட்டினாள். கின்னிக்கோழி கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, உடனே இழுத்துக்கொண்டாள். "ஒரே இருட்டு. பாம்பு வந்தா ஏறி நிக்க ஒரு குச்சிகூட இல்லை."

"நாங்கல்லாம் இதுலதான் குஞ்சு பொரிச்சோம், மகாராணி" என்றது ஒரு நாட்டுக்கோழி.

"பொரிச்சே, சரி. அதுல எத்தனை மிச்சமிருக்கு?"

நாட்டுக்கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சீனியம்மாவுக்கும் சுருக்கென்றது. நாலு கால் நட்டு, நெஞ்சு உயரத்தில் புதுக்கூடு கட்டினாள். காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி விட்டு மூங்கில் அடித்தாள். உட்கார உள்ளே குறுக்குக் கம்புகள், மேலே பனையோலை, குஞ்சுகள் ஏறச் சாய்ந்த பலகை.

கின்னிக்கோழி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, தாழ்ப்பாள் ஏன் வெளிப்பக்கம் இருக்கு?"

"உள்பக்கம் வச்சா உனக்குப் போடத் தெரியுமாடி?"

"போதும் புள்ள" என்றான் புருஷன், சீனியம்மா அந்தப் பக்கம் போனதும். "இதைவிட நல்ல வீடு நமக்கு அமையாது. நீ குஞ்சுகளைக் கூட்டிட்டு ஏறு. நான் அந்தப் புத்துல நாலு கறையான் கொத்திட்டு வந்துடறேன்."

பொழுது சாய்ந்தது. கடைசிக் குஞ்சும் பலகை ஏறிய நேரம், வேலியடியில் இரண்டு காதுகள் விறைத்து நிற்பதைச் சீனியம்மா பார்த்தாள். காட்டுப்பூனை! சொன்னால் இவள் மிரண்டு வெளியே பறந்துவிடுவாள் என்று பயந்து, ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"கதவைத் திறங்கக்கா! அவரு வெளிய இருக்காரு!"

வந்த நாளிலிருந்து கேட்டுக்கேட்டுச் சலித்த அதே குரல். "உள்ளதான் எங்கேயாவது மூலையில இருப்பாரு. கத்தாம படு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சீனியம்மா உலை வைக்கப் போய்விட்டாள்.

காற்றுக்காக விட்ட இடைவெளி வழியே கின்னிக்கோழி எல்லாவற்றையும் பார்த்தாள். காதுகள் புற்றை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தாள். அவர் குனிந்து கொத்திக்கொண்டே இருந்ததையும் பார்த்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவருக்கும் அது பழகிய சத்தம்தான். நிமிரவில்லை.

விடிந்து கதவைத் திறக்க வந்த சீனியம்மா, புற்றைச் சுற்றிச் சிதறிக் கிடந்த இறகுகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள்.

குஞ்சுகளை முன்னால் விட்டுக் கின்னிக்கோழி வெளியே வந்தாள். சீனியம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வாகை மரத்தின் உச்சிக்குப் பறந்தாள். குஞ்சுகளும் கிளைகிளையாகத் தத்தி ஏறின.

"கதவையே கழட்டிப் போட்டுடறேன். இறங்கி வாடி" என்று சீனியம்மா அழுதாள்.

"கம்பு இறைங்க, வந்து தின்னுக்கறேன்" என்றாள் மேலேயிருந்து. "தூங்க மட்டும் கூப்பிடாதீங்க."

அன்று முதல்தான் கின்னிக்கோழி, எவ்வளவு நல்ல கூடு கட்டிக் கொடுத்தாலும், பொழுது சாய்ந்தால் மரத்தை அண்ணாந்து பார்க்கிறது; இலை அசைந்தாலும் கத்துகிறது. அது கத்தினால், சும்மாதான் கத்துகிறது என்று தெரிந்தாலும், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து வேலிப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.