முடி வளர்ந்த பொம்மை

கோயமுத்தூரில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். பெயர் ஜமீலா, நாற்பது வயதுகூட ஆகவில்லை. வடவள்ளியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பழைய பொம்மைகளுக்கு முகம் எழுதி, முடி நட்டு, உடுப்புத் தைத்துக் கொடுப்பார். ஒல்லி இடுப்பும் நீளக் காலும் குதிகால் செருப்புமாக நிற்குமே, அந்த ஃபேஷன் பொம்மைகளுக்குத்தான்.

சீடர் வரதராஜன், குருவைவிட ரொம்பவே மூத்தவர். அவர் வீட்டில் கண்ணாடி அலமாரி நிறையப் பொம்மைகள். ஒன்றைக்கூட அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுத்ததில்லை. இடுப்புக்குப் பின்னால் இருக்கும் கம்பெனி அச்சைப் பார்த்தே எந்தக் காலத்துப் பொம்மை என்று சொல்லிவிடுவார். மதிப்புப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கையால் ஒன்றைச் சரிசெய்யத்தான் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்து சேர்ந்தார். அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை அண்ணா என்பார்.

ஒருநாள் வரதராஜன் கேட்டார்.

“டீச்சர், ஒரு பொம்மை எப்ப முழுசாகுதுங்க?”

“நீங்க என்ன நினைக்கறீங்கண்ணா?”

“கீறல் இருக்கக் கூடாது. கம்பெனியில சீவி விட்ட மாதிரியே முடி இருக்கணும். உடுப்பு, செருப்பு, பெட்டி எல்லாம் அதோடதாவே இருக்கணும். அப்பத்தான் முழுசு.”

“அதான் நீங்களே சொல்லிட்டீங்களே. அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?”

“நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான்.”

“சரி, பாக்கலாம்,” என்று ஜமீலா ஊசியில் நூல் கோத்தார்.

அந்த வாரமே ஜெயசீலன் என்று ஒருவர் வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் மண்டையில் முழுசாக முடி இல்லை. ஒட்ட வெட்டி, திட்டுத் திட்டாகக் கிடந்தது. முதுகில் நீலப் பேனாவால் ‘மிரு’ என்று கோணலாக எழுதியிருந்தது. ஒரு பாதத்தில் பல் கடித்த தடம்.

“எம் பொண்ணு மிருதுளாவோடதுங்க,” என்றார். “அஞ்சு வயசுல வெட்டினா. நாங்க ரெண்டு பேரும் சலூன் விளையாடுவோம். நான் பிடிச்சுக்குவேன், அவ வெட்டுவா. அன்னிக்கு மொத்தத்தையும் வெட்டிட்டு, ஐயோ போச்சேன்னு ஒரே அழுகை. வளரும்டா கண்ணு, அப்பா பாத்துக்கறேன்னு சொன்னேன்.”

அவர் பொம்மையின் மண்டையை விரலால் தடவினார்.

“அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே நானும் அவங்கம்மாவும் பிரிஞ்சுட்டோம். புள்ளை அம்மாவோட போயிட்டா, பொம்மை எங்கிட்ட நின்னுடுச்சு. போன் பண்ணினா முதல் பேச்சே, வளந்துச்சாப்பாங்கறதுதான். வளந்துட்டே இருக்குன்னு சொல்லுவேன். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டா.”

“இப்பப் பாக்க வர்றாளா?”

“மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, கோர்ட் சொன்னபடி. வருவா, உக்காந்திருப்பா, போயிடுவா. பேச்சே கிடையாது. இனிமே வர இஷ்டமில்லைன்னு நீதிபதிகிட்டச் சொல்லப் போறாளாம். இந்தத் தடவைதான் கடைசின்னு நினைக்கிறேன்.” கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “இதுக்கு முடி மட்டும் வளந்தாப் போதுங்க.”

ஜமீலா பொம்மையை எடுக்கக் கை நீட்டுவதற்குள் வரதராஜன் எடுத்துவிட்டார்.

“இதை நான் பண்றேன் டீச்சர்.”

ஜமீலா அவரைப் பார்த்தார். “பண்ணுங்க.”

அந்த மனிதர் பண்ணினார் பாருங்கள், தவம்தான். தலையை வெந்நீரில் இளக்கிக் கழற்றினார். அசல் நிறத்தில் நைலான் முடி தேடி அலைந்தார். மண்டையில் இருந்த ஒவ்வொரு பொடித் துளையிலும் ஊசியால் முடி நட்டார். கண் எரிந்தது, கழுத்துப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. தன் அலமாரியிலிருந்து அதே காலத்துப் பொம்மை ஒன்றைப் பெட்டியை உடைத்து வெளியே எடுத்து, அதன் உடுப்பையும் செருப்பையும் இதற்குப் போட்டார். வாழ்நாளில் அவர் உடைத்த முதல் பெட்டி அது. யாருக்காக அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தத் தகப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் கண்ணிலேயே நின்றது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதுகில் இருந்த பேனா மை அவர் கண்ணை உறுத்தியது. முகப்பருவுக்குப் போடும் களிம்பைத் தடவி வெயிலில் வைத்தால் மை வெளுத்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மொட்டைமாடியில் வைத்து எடுத்தார். பேர் போய்விட்டது. பாதத்தில் இருந்த பல் தடத்தைப் பொடி உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். உடைத்த அந்தப் பெட்டியையே ஒட்டி, உள்ளே நிற்கவைத்து, கம்பெனியில் கட்டுவதுபோலவே கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது, ஜமீலா வெகுநேரம் அதைப் பார்த்தார். முடியை மெல்லத் தடவினார்.

“ஒரு இடத்துலகூடச் சந்து தெரியலையே. இவ்வளவு நெருக்கமா எனக்கே நட வராதுண்ணா.”

செருப்புக்கு மேல் தெரிந்த பாதத்தில் பல் தடம் இல்லாததை ஜமீலா கவனித்தார். எதையோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஜெயசீலன் மகளோடு வந்தார். பத்து வயது, கண்ணாடி போட்ட பெண். உள்ளே வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தகப்பன் பெட்டியை அவள் முன்னால் தள்ளினார்.

“புதுசு வாங்கிட்டீங்களா?” என்றாள்.

“இல்லடா கண்ணு, உன்னோடதுதான். முடி வளந்துடுச்சு பாரு.”

அவள் பெட்டியைத் திறந்தாள். கட்டுகளைப் பிய்த்து, பொம்மையைத் திருப்பி, உடுப்பைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தடவினாள். கீழே வைத்துவிட்டாள்.

“எம் பேர் இல்ல. நான் கடிச்சதும் இல்ல.”

“மிரு…”

“எப்பப் பாத்தாலும் பொய். வளந்துட்டே இருக்குன்னு அப்பச் சொன்னீங்க. பொம்மைக்கு முடி வளராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். இப்பக் கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்து…” கதவுப் பக்கம் திரும்பினாள். “நான் வீட்டுக்குப் போறேன்.”

ஜெயசீலன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். என்ன சொன்னாலும் அதுவும் பொய்யாகத்தான் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரதராஜன் எழுந்து நின்றார். “பாப்பா, நாந்தாம்மா எல்லாத்தையும் தேச்சுட்டேன். அப்பா முடி மட்டும்தான் கேட்டாரு. உன் பேரை நாந்தாம்மா எடுத்தேன்.”

அப்பாவுக்காகப் பொய் சொல்ல வந்த ஆளைப் பார்ப்பதுபோல் அவள் அவரைப் பார்த்தாள். அவர் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

ஜமீலா இழுப்பறையைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்துப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“வெட்டு.”

“டீச்சர்!” என்றார் வரதராஜன்.

ஜமீலா அவர் பக்கம் திரும்பவில்லை.

“எதுக்கு வெட்டணும்?” என்றாள் மிருதுளா.

“இந்த முடி உனக்குப் பிடிச்சிருக்கா?”

“இல்ல.”

“அப்ப வெட்டு.”

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். கோபத்தில்தான் எடுத்தாள். ஒரு கையால் பொம்மையையும் முடியையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தாள். நைலான் முடி வழுக்கியது. பொம்மை மேஜையில் புரண்டது.

“யாராச்சும் பிடிங்களேன்,” என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜெயசீலன் முட்டி போட்டு மேஜையருகே உட்கார்ந்தார். ஒரு கை பொம்மையின் இடுப்பைப் பிடித்தது. மற்றது தலைக்குப் பின்னால் போனது. கட்டைவிரல் தானாக முன்னால் வந்து பொம்மையின் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது.

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. அவள் அந்த விரலையே பார்த்தாள்.

“எதுக்குக் கண்ணை மூடறீங்க?”

“முடி விழுந்து உறுத்தும்ல,” என்றார் அவர், யோசிக்காமல்.

“அப்பவும் இதேதான் சொன்னீங்க.”

அவர் தலையாட்டினார்.

அவள் உதடு கோணியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம், “ஆடாமப் பிடிங்கப்பா,” என்றாள்.

முதல் வெட்டு விழுந்தபோது வரதராஜன் கண்ணை மூடிக்கொண்டார். நறுக் நறுக்கென்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவே, அவளுடைய வகுப்பில் ஒருத்தி காதுவரை முடி வெட்டிக்கொண்டதையும், அவளுக்கும் அப்படி வெட்டிக்கொள்ள ஆசை என்பதையும், அம்மா விடமாட்டேன் என்று சொல்வதையும் மிருதுளா சொல்லிக்கொண்டே போனாள். ஜெயசீலன் பாதிதான் கேட்டிருப்பார். அவர் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

முன்பக்கம் எலி கடித்ததுபோல் ஆனதும் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“பின்னாடி அப்படியே விட்டுட்டியே,” என்றார் ஜமீலா.

“அது அடுத்த மாசம் வந்து வெட்டிக்கறோம்.” அவள் அப்பாவைப் பார்த்தாள். “வரலாம்லப்பா?”

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். வரதராஜன் தரையில் உட்கார்ந்து, சிதறிக்கிடந்த முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நான் பண்ணினதெல்லாம் வீண்தானுங்க டீச்சர்?”

ஜமீலா பிரஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“நீங்க அத்தனை முடியையும் நடலைன்னா, அந்தப் புள்ளை இன்னிக்கு எதைண்ணா வெட்டியிருக்கும்?”